சாம்பலா, பிஸ்கட்டா

"பேசாதீங்க, பேசாதீங்க" என்று ஒரு கையைத் தூக்கிவிட்டு, மற்றக் கையால் கார்புரேட்டரின் அடிவயிற்றில் இருக்கும் சின்னத் திருகை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்புகிறார். தரையில் விரித்த அட்டை மேல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். ஒரு காது எஞ்சின் பக்கம், இன்னொரு காது அட்டையில். எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர் பாவம், வாயே திறக்கவில்லை. திட்டு மட்டும் வாங்கிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார். திருகு வர வர எஞ்சின் சத்தம் லேசாக ஏறுகிறது, ஒரு இடத்தில் நிற்கிறது, பிறகு இறங்கப் பார்க்கிறது. உடனே இவர் கை பின்வாங்குகிறது. "அரைச் சுத்து. அவ்ளோதான். அதுக்கு மேல திருப்பினா அது ட்யூனிங் இல்ல, குரங்குச் சேட்டை."

எதற்கெடுத்தாலும் அரைச் சுத்து என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அரைச்சுத்து என்ற பெயர் நிலைத்துவிட்டது. முகத்துக்கு நேரே 'அரைச்சுத்து அண்ணே'. அந்தப் பக்கம் போனால் வெறும் 'அரைச்சுத்து'. "அரைக்கிறுக்குன்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்பது அவர் மனைவியின் கருத்து. அதை அவர் மறுத்ததில்லை.

அவரிடம் வருவதெல்லாம் ஒரே ஜாதி வண்டிதான். ஏ.டி.வி. பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பார், கட்டைவிரலால் அழுத்துகிற த்ராட்டில், கீழே நாலு குண்டுச் சக்கரம். மண்ணிலும் மேட்டிலும் பாய்ந்து போவதற்கென்றே செய்தது. அதை வாங்குகிறவர்கள் வாங்கிய வாரமே சும்மா இருக்கமாட்டார்கள். கம்பெனிக்காரன் ஒழுங்காகப் போட்டு அனுப்பிய காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றி எறிவார்கள். சைலன்ஸரைத் தூக்கிவிட்டு வாய் அகன்ற குழாய் ஒன்றை மாட்டுவார்கள். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி சத்தம் வரும். கூடவே காற்றும் உள்ளே தாராளமாகப் போகும். காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டாமா? அந்த யோசனை யாருக்கும் வராது. வண்டி திக்கித் திணற ஆரம்பித்த பிறகு இவரைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுவது ஜெட். பித்தளையில் செய்த திருகாணி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நடுவே ஒரு துளை. அந்தத் துளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெட்ரோல். எந்தத் துளை எந்த அளவு என்பதை அதன் தலையில் எறும்புக்கால் மாதிரி எண்ணாகப் பொறித்திருப்பார்கள். பழைய மிட்டாய் டப்பா ஒன்றில் இவர் ஜெட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்தால் நெற்றியில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி எண்ணைப் படிப்பார். போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை படிப்பார். தன் கையால் இப்போதுதான் எடுத்தது என்றாலும் படிப்பார். யார் எடுத்துக் கொடுத்தாலும் படிப்பார். "என் கையையே நான் நம்பறதில்ல, உன் கையை நம்பணுமா?"

லீன், ரிச் என்றெல்லாம் அவர் சொல்வதில்லை. சமையலறைப் பாஷைதான். "பெட்ரோல் தூக்கல்", "பெட்ரோல் பத்தல". தூக்கலாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. வண்டி சளி பிடித்தவன் பாடுவது போலப் பொருமிக்கொண்டு போகும், வேகம் ஏறாது, அவ்வளவுதான். பற்றாமல் இருந்தால்தான் வினை. அதிலும் கொஞ்சமாகப் பற்றாமல் இருந்தால் வண்டி முன்னைவிட நன்றாகவே ஓடும். ஓட்டுகிறவர் குஷியாகி இன்னும் அழுத்துவார். உள்ளே பிஸ்டன் பழுத்துக்கொண்டே போய், முழு வேகத்தில் ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். வண்டி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார்.

எது தூக்கல், எது பற்றவில்லை என்பதைப் பாதி காதால் கண்டுபிடிப்பார். மீதிக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். மெயின் ஜெட் என்பது முழு த்ராட்டிலில் வேலை செய்கிற ஜெட். அதைச் சோதிக்கப் புதுப் பிளக் மாட்டி, நேர் பாதையில் முழு த்ராட்டிலில் ஓடவிட்டு, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்த வேண்டும். வண்டி உருண்டு வந்து நின்றதும் பிளக்கைக் கழற்றி, நடுவில் உள்ள பீங்கான் என்ன நிறமாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிஸ்கட் நிறம் என்றால் சரி. அதைவிடக் கறுத்தால் தூக்கல். சாம்பல் என்றால் பெட்ரோல் பற்றவில்லை.

இங்கேதான் சிக்கல். இந்த மனிதருக்குப் பிஸ்கட்டும் சாம்பலும் ஒன்றுதான். பழுப்பு, சாம்பல், பாசி எல்லாமே அவர் கண்ணுக்கு ஒரே குடும்பம். பிறவியிலேயே அப்படி.

வாடிக்கையாளர்களுக்கு இது தெரியாது. பிளக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "இங்க வெளிச்சம் சரியில்ல, உள்ள பாத்துட்டு வர்றேன்" என்று வீட்டுக்குள் போவார். உள்ளே ஏதோ விசேஷ விளக்கு வைத்திருக்கிறார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது தையல் மிஷின். அதன் முன்னால் அவர் மனைவி. துணிக்கு ஏற்ற நூலைத் தேடி அலுத்துப்போய், மற்றத் தையல்காரர்களே துணியோடு அவரிடம் வருவார்கள். அப்படிப்பட்ட கண். ஜன்னல் பக்கம் திரும்பி, பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, குனிந்து பார்ப்பார். "பிஸ்கட்." "பிஸ்கட்தான், ஆனா கொஞ்சம் வெந்தது." "நனைஞ்ச அட்டைப்பெட்டி." "சாம்பல்." அந்தம்மாளின் நிறப்பட்டியல் அவ்வளவுதான், ஆனால் ஒரு தடவையும் பிசகியதில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு" என்பார் இவர், ஒவ்வொரு தடவையும்.

"பாத்துட்டேன். எடுத்துட்டுப் போங்க, துணியில எண்ணெய் படும்" என்பார் அவர், ஒவ்வொரு தடவையும்.

சூடான பிளக்கை மறதியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதால் அவருடைய எல்லாச் சட்டைகளுக்கும் பையில் வட்டமாக ஓட்டை விழும். மனைவி ஒட்டுப் போட்டுக் கொடுப்பார், கைக்கு எது கிடைக்கிறதோ அந்தத் துணியில். போன மாதம் முழுக்க அவர் இதயத்துக்கு மேல் பளீரென்று ரோஸ் நிறப் பை. பக்கத்து டயர் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று இவருக்குப் புரியவில்லை. மரியாதைக்குத் தானும் சிரித்து வைத்தார்.

ஒரே மகள். கூரியர் கம்பெனியில் வேலை. அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம், அப்பாவின் கண். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கண் வருவது அபூர்வம் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டபோது, "அபூர்வமா வர்றதெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும்" என்றார் அம்மா. சின்ன வயசில் காலுக்கு ஒரு நிறமாகச் சாக்ஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள், இப்போது அப்பா கையால் ட்யூன் செய்த ஏ.டி.வி.யில் பந்தயம் ஓட்டுகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள். போன வருஷம் ஒரு வளைவில் தூக்கி எறியப்பட்டுக் காறையெலும்பு உடைந்தது. கட்டுப் போட்டு முடிந்ததும் அவள் முதலில் கேட்டது, வண்டியின் ஹேண்டில்பார் வளைந்துவிட்டதா என்றுதான். அம்மா அப்போது கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு வண்டியைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. "வேண்டாம்னு நான் சொல்லல. எனக்குப் பிடிக்கலை. ரெண்டும் வேற" என்று ஒரே தடவை சொன்னதோடு சரி. இவரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். புருஷர்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் காது கொஞ்சம் வசதியாகத்தான் கேட்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பந்தயம். மகள் வண்டிக்குப் புதுக் குழாய் மாட்டியிருந்தாள், அதனால் ஜெட்டை முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. மூடிப்போன கல்குவாரிக்குப் பின்னால் நேரான மண்பாதை ஒன்று உண்டு. வாரத் தொடக்கத்தில் நல்ல வெயிலில் ஓட்டிப் பார்த்தார்கள். "சூப்பர்ப்பா, நல்லா இழுக்குது" என்றாள் மகள். பிளக்கைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினார், பார்த்தார்.

"சாம்பல்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன்."

பெரிய ஜெட்டாக மாற்றினார். மறுநாள் ஓட்டினார்கள். "மேல கொஞ்சம் மந்தமா இருக்குப்பா" என்றாள் மகள். பிளக் வீட்டுக்கு வந்தது. சாம்பல். இன்னும் பெரிய ஜெட். இந்தத் தடவை வண்டி பாதையின் கடைசியில் பொருமியது. அவர் காதுக்கே தெளிவாகக் கேட்டது, பெட்ரோல் தூக்கல் என்று. ஆனால் பிளக்கைப் பார்த்த மனைவி, மிஷினை நிறுத்தாமலே, "சாம்பல்தான். கொஞ்சம் அழுத்தமான சாம்பல்" என்றார்.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. காது அவருடையது, கண் மனைவியுடையது. இத்தனை காலம் இரண்டும் சண்டை போட்டதே இல்லை. வயதாகிக் காது மந்தமாகிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தார். டயர் கடைக்காரரிடம் போய், பிளக்கை நீட்டி, "உங்க கண்ணு எப்படி இருக்குன்னு பாப்போம், இது என்ன கலர் சொல்லுங்க" என்று விளையாட்டுப் போலக் கேட்டார். டயர் கடைக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்புக் கலர் அண்ணே." "இரும்பு இல்லைய்யா, உள்ள பாரு, நடுவுல." "நடுவுலயா? பிரவுனு மாதிரியும் இருக்கு... ஒரு பக்கம் பாத்தா கிரே மாதிரியும் இருக்கு. எதுக்கு அண்ணே, உங்களுக்குத் தெரியாததா?" பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். தெருவில் போகிறவன் கண்ணை நம்பிப் பிஸ்டனைப் பணயம் வைக்க முடியாது என்று அவர் எப்போதும் சொல்வார். அன்றைக்கு அது ருசுவானது.

மறுநாள் மகளிடம் ஒரு வேலை சொன்னார். "முழு த்ராட்டில்ல போறப்போ, கடைசில கை எட்டி சோக்கைக் கொஞ்சமா இழுத்துப் பாரு. உடனே விட்டுரு." சோக்கை இழுத்தால் எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் போகும். பசியில் இருக்கிற எஞ்சின் என்றால் அதை வாங்கிக்கொண்டு துள்ளும். ஏற்கெனவே வயிறு முட்ட இருக்கிற எஞ்சின் என்றால் குமட்டும். மகள் போனாள். பாதையின் கடைசியில் சோக்கை இழுத்தாள். எஞ்சின் பொளபொளவென்று குமட்டி, அணைந்தே போய்விட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மகள், "என்னப்பா அர்த்தம்?" என்றாள்.

"பெட்ரோல் தூக்கல்னு அர்த்தம்."

"அப்போ அம்மா சொன்ன சாம்பல்?"

அவர் குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். மகள் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தாள், கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். "தெரியும்ப்பா எனக்கு. அவ இப்படி ஏதாவது பண்ணுவான்னு தெரியும்." அவருக்கு அதுகூடத் தெரியாது. வண்டியை வேனில் ஏற்றி வீடு வந்து சேர்ந்தார்கள்.

இவர் நேராகத் தையல் அறைக்குப் போய், மூன்று பிளக்கையும் மேசை மேல், வெட்டி வைத்த துணிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். எண்ணெய் படும் என்று மனைவி சொல்லவில்லை.

"பொய் சொன்னியா?"

"இந்த மடிப்பு முடியட்டும்."

நின்றார். மடிப்பு முடிந்தது. நூலை அறுத்தார் அந்தம்மாள்.

"ஆமா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான்."

அழுவார், இல்லை என்பார் என்று எதிர்பார்த்து வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெட்ரோல் தூக்கலா இருந்தா வண்டி மெதுவாப் போகும், ஆபத்து இல்லைன்னு நீங்கதானே நாள் முழுக்க வர்றவங்க போறவங்ககிட்ட சொல்றீங்க?" என்றார் மனைவி. "மெதுவாப் போனா விழுந்தாலும் எழுந்திரிச்சிருவா. அதுக்குத்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்ல."

"வேண்டாம்னு என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டுக் கிழிச்சிருப்பீங்க. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கண்ணு, சரி. காதும் ஒண்ணுதான்."

அவருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "நான் கண்ணு இல்லாதவன்டி. உன் கண்ணை எடுத்து என் மூஞ்சியில மாட்டிக்கிட்டுத் தொழில் பண்றேன். வர்றவன் எல்லாம் என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டுப் போறான். அதைப் போயி பிடுங்கிட்டியே."

மனைவி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

"அதைக்கூட விடு" என்றார் அவர், குரலைத் தணித்து. "இனிமே நான் ஜெட்டைக் குறைச்சுக்கிட்டு வரணும். எங்க வந்து நிறுத்தணும்? யாரு சொல்லுவா? நாளைக்கு நெசமாவே சாம்பலா வருதுன்னு வெச்சுக்கோ. நீயும் சாம்பல்னுதான் சொல்லுவே. நான் என்ன நெனைப்பேன்? இவ பயத்துல மறுபடி கதை விடுறான்னு நெனச்சு, 'நீ போம்மா'ன்னு அவளை ஏத்தி விட்டுருவேன்." பிஸ்டன் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மிஷின் சக்கரத்தின் மேல் இருந்த மனைவியின் கை அப்படியே நின்றுவிட்டது. மகள் மெதுவாகப் போக வேண்டும் என்று மட்டும்தான் அவர் யோசித்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு குழி இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. முகம் வெளிறிப்போய் இருந்தது. அது மட்டும் இவருக்கு எந்தக் கண்ணும் இல்லாமலே தெரிந்தது.

மனைவி முதல் பிளக்கை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். "இது பிஸ்கட். சுத்தமான பிஸ்கட்." அடுத்தது. "இது வெந்தது." கடைசி. "இது நனைஞ்ச அட்டைப்பெட்டி."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை வருஷமாக வாய்ப்பழக்கத்தில் வந்த பேச்சு அது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அர்த்தத்தோடு வந்திருக்கிறது. மனைவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான பதில் வரவில்லை. "நாளைக்கு நானும் வர்றேன்" என்றார். "வீட்டுக்குக் கொண்டாந்து காட்ட வேண்டாம். கழட்டின உடனே பாக்கறேன்."

மறுநாள் சனிக்கிழமை காலை. அதற்குள் விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண்பாதை இறுகி, காற்று சில்லென்று இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. எஞ்சினுக்குள் போனால் வழக்கத்தைவிடக் கூடுதல் பெட்ரோல் கேட்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இந்தக் குளிருக்கு ஜெட் மாற்ற வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டு, வாரத் தொடக்கத்தில் பிஸ்கட் காட்டிய அதே முதல் ஜெட்டைத் திரும்ப மாட்டியிருந்தார். தோளில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்த மனைவி வேனை ஒட்டி நின்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை. முந்தின நாளிலிருந்தே பேச்சு இல்லை.

வண்டி கிளம்பியது. முழு த்ராட்டில். அப்படி ஒரு சத்தத்தை அவர் அந்த வண்டியிலிருந்து கேட்டதில்லை. பொருமல் இல்லை, பிசிறு இல்லை, சீலையைக் கிழிப்பது போல நேராகப் போனது. பாதையின் முனையில் சத்தம் சட்டென்று அறுந்தது. கிளட்சைப் பிடித்து நிறுத்திவிட்டாள். உருண்டு நின்ற இடத்துக்கு வேனை ஓட்டிக்கொண்டு போனார்கள். மகள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்தினாள். "பறக்குதுப்பா! இதான். இதையே வெச்சிருங்க, தொடவே தொடாதீங்க."

அவர் காதும் அதைத்தான் சொன்னது. ஆனால் சரியாக இருக்கிற எஞ்சினும், விளிம்பைத் தாண்டி ஒரு எட்டு வைத்துவிட்ட எஞ்சினும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றி, மனைவியிடம் நீட்டினார்.

அந்தம்மாள் வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பினார். பிளக்கைத் தன் நிழலில் பிடித்துக் குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

"சாம்பல்."

"பாத்தீங்களா?" என்று மகள் வண்டியிலிருந்து குதித்தாள். "பாத்தீங்களாப்பா? ஆரம்பிச்சுட்டா. இதே ஜெட்டுதான், அன்னிக்கு வந்தது சுத்தமான பிஸ்கட்டுன்னு நேத்து உன் வாயாலதானே சொன்னே? இன்னிக்கு எப்படிம்மா சாம்பல் ஆகும்? எத்தனை தடவைதான் இதையே சொல்லுவே?"

மனைவி நல்லாப் பாத்துட்டேன் என்றோ, இந்தத் தடவை நெசம் என்றோ, பிள்ளை மேல் ஆணை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளும் இவரைத்தான் பார்த்தாள். 'நல்லாப் பாத்துச் சொல்லு' என்ற வழக்கமான பேச்சு வரும் என்று காத்திருந்தாள்.

அவர் வேனிலிருந்து அட்டையை எடுத்து மண்ணில் விரித்தார். ஒருக்களித்துப் படுத்து, கார்புரேட்டருக்குக் கீழே கிண்ணத்தை வைத்து, அடிப்பாத்திரத்தின் நட்டைக் கழற்றினார். பெட்ரோல் வடிந்தது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு ஜெட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். பிறகு எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, கையைப் பின்னால் நீட்டினார்.

மனைவி மிட்டாய் டப்பாவைத் திறந்தார். ஊசிக் காதில் நூல் கோக்கும்போது பிடிப்பது போல ஒரு ஜெட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எண்ணைப் படித்தார். அது பெரியது, வண்டியைத் திரும்பவும் பொருமிப் பொருமி ஓடவைக்கும். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார், இப்போது கழற்றியதற்கு ஒரே ஒரு அளவு கூட. அதையும் படித்தார். குனிந்து, நீட்டியிருந்த உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பா, நம்பரைப் பாருங்க" என்றாள் மகள்.

கண்ணாடி நெற்றியிலேயே கிடந்தது. அவர் ஜெட்டை விரல்நுனியில் எடுத்து, அது போகிற துளையைத் தடவிக் கண்டுபிடித்து, முறுக்க ஆரம்பித்தார்.